ஓடிப்போனவருக்குத்தான் தண்டனை

உக்குவெலையிலிருந்து எல்கடுவ மலைக்கு ஏறும் பஸ், வளைவுக்கு வளைவு மூச்சுவாங்கும். இரண்டு பக்கமும் தேயிலையும் மிளகும் கராம்பும். கொங்காலேகொட பண்டா பிடிபட்டது இந்த எல்கடுவயில்தான், 1848 செப்டெம்பரில். அதே ஆண்டு ஜூலைக் கடைசியில் தம்புள்ளை விகாரையில் முடிசூடிக்கொண்டவர் அவர். அவருடைய ஆட்கள் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்தார்கள். வாரியபொலக் கோப்பித் தோட்டத்தையும் விடவில்லை. கூட நின்ற புரன் அப்புவை ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டி போகம்பரையில் சுட்டுக் கொன்றார்கள். பண்டாவுக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. பிறகு தூக்கை எடுத்துவிட்டு நூறு சவுக்கடியும் மலாக்காவுக்கு நாடு கடத்தலும் என்று மாற்றினார்கள். அடுத்த ஆண்டே, 1849இல், அவர் மலாக்காவில் இறந்தார்.

நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று அந்தக் கலகத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் சனங்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியதில் முக்கியமானது றோட்டுச் சட்டம். வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் றோட்டில் வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டும். அரசனுக்குச் செய்த இராஜகாரியத்தை வெள்ளைக்காரன் ஒழித்துப் பதினாறு ஆண்டுகூட ஆகவில்லை; அதே ஊழியம் வேறு பெயரில் திரும்பி வந்து நின்றது. முதலில் பிக்குமாரையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. றோட்டு யாருக்கு வேண்டியிருந்தது என்று கேட்டால், கோப்பி மூட்டையைக் கீழே இறக்க வேண்டிய துரைமாருக்கு.

ஆக, கட்டாய உழைப்பு என்ற விடயத்தில் மாத்தளை மண்ணிலிருந்து நாடு கடத்தப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்த முதல் ஆள், அதை எதிர்த்தவர். அதைச் சுமத்திய ஆளுநர் டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் போனது விலங்கோடு இல்லை.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. கட்டாய உழைப்புக் குற்றத்துக்கு வெளிநாடுகளில் தண்டனை பெறுகிறவர்கள் விசாவை இழக்கிறார்கள், நாடு கடத்தப்படுகிறார்கள் என்ற செய்திகளை நம் பத்திரிகைகள் ஒருவித திருப்தியோடு போடுகின்றன. சட்டம் கடைசியில் சரியான கழுத்தைப் பிடித்துவிட்டது என்ற தொனி அதில் இருக்கிறது. எனக்கு அந்தத் திருப்தி அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. உழைப்பைப் பிடுங்கியவருக்கும் பிடுங்கப்பட்டவருக்கும் நடுவில் நாடு கடத்தல் என்ற வாள் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் நூற்றெழுபது ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது.

அந்தக் கணக்கின் பெரும்பகுதி தமிழில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் அனுபவித்ததால் அது ஆங்கிலத்தில், வழக்குப் புத்தகங்களில் கிடக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்துக் கூலிகள் காட்டு வழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த என்று நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் மலைநாட்டின் வாசலாகக் கண்ட பட்டணம் மாத்தளை. அவர்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்த மலையகம் 200ஐ ஒட்டி 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி வந்து முடிந்ததும் மாத்தளையில்தான். முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுகிற ஆரவாரத்தில், அந்த அம்மனை முதலில் கும்பிட்டவர்கள் எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள் என்பதை நாங்கள் ஆண்டில் ஒரு தடவையாவது மறந்துவிடுகிறோம்.

இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1841இன் 5ஆம் இலக்கச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாக்கியிருந்தது. 1865இன் 11ஆம் இலக்கச் சட்டம் அதை இன்னும் இறுக்கிக் கட்டியது. முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை. நிலுவைச் சம்பளமும் போய்விடும். சம்பளம் கொடுக்காத துரைமீது வழக்குப் போடவும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது என்று சரித்திரக்காரர்கள் நியாயமாகச் சுட்டிக்காட்டுவார்கள். இருந்தது. ஆனால் கோட்டுக்குப் போகிற அன்றைக்குப் பேர் விழாது, நாட்சம்பளம் போகும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று அரைப் பேருக்கே மல்லுக்கட்டுகிறவன், துரைக்கும் நீதவானுக்கும் பொதுவான பாஷையில் தன் வழக்கை எப்படிச் சொல்லுவான்? துரைக்கோ ஒரு கடிதம் போதும். ஓடியவனைப் பொலிஸ் கொண்டுவந்து நிறுத்தும்.

சட்டம் ஒரு பக்கம் என்றால் துண்டு இன்னொரு பக்கம். துண்டு என்பது பெயருக்கேற்ப ஒரு காகிதத் துண்டு. இந்தக் கங்காணியிடம் இத்தனை ஆட்கள், இவர்கள் தலையில் இத்தனை ரூபாய் கடன், அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விடுவேன் என்று துரை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பது. ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அடுத்த மலைத் துரையிடம் போவார். அவர் பணத்தைக் கட்டுவார். கடன் தீராது, கைமாறும். கடனோடு சேர்ந்து ஆளும் கைமாறுவான். ஊரில் கையெழுத்து வாங்கும்போது கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி, கலியாணச் செலவு, சாவுச் செலவு எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கைத் தொழிலாளி பார்த்ததில்லை. பார்த்தாலும் வாசிக்கத் தெரியாது. துண்டு இல்லாமல் வந்தவனை வேறு துரை சேர்க்கமாட்டார். சேர்த்தால் அது துரைமாருக்குள் பெரிய சண்டை.

1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஓடியதற்குச் சிறை என்ற ஏற்பாடும் அந்தக் காலத்தோடு போனது. இந்தியாவில் தேசிய இயக்கம் வலுத்ததும், இந்திய அரசாங்கம் 1922இல் நிறைவேறிய குடியகல்வுச் சட்டத்துக்கு ஆயத்தமானதும் அதற்குப் பின்னால் இருந்தன. துரைமாரின் மனம் இளகியதால் அது நடந்ததாக எங்கும் வாசிக்கவில்லை.

அடுத்த நாடு கடத்தல் கதை மாத்தளைக்கு அந்தப் பக்கம், மடுல்கலையில் நடந்தது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் தேயிலைத் தொழில் பழக ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். சின்னத் துரையாக வர வேண்டியவர். வந்த இடத்தில் லயத்தையும் பெரட்டையும் பார்த்துத் தொழிலாளர் பக்கம் பேசத் தொடங்கினார். தோட்டம் அவரை வெளியே அனுப்பியது. அவர் போய்ச் சேர்ந்தது சமசமாஜக் கட்சியில். வெள்ளைத்தோல்காரன் ஒருவன் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஏறி நின்று துரைமாரின் அட்டூழியத்தைச் சொன்னது துரைமாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் நாடுகடத்தல் ஆணை பிறப்பித்தார். 48 மணித்தியாலத்தில் கப்பலேற வேண்டும்.

பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை. ஒளிந்துகொண்டார். மே மாதம் காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையில் தோன்றினார். பிடித்தார்கள்; ஆட்கொணர்வு மனுப் போனது; எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் மே 18ஆம் திகதி தீர்ப்புச் சொன்னார்கள்: ஆளுநர் பாவித்த 1896ஆம் ஆண்டு அதிகாரம் நாட்டில் அவசர நிலைமை இருக்கும்போது பாவிப்பதற்கானது, பேசியதற்காக ஒருவரைத் தூக்கி வெளியே போட அது உதவாது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள், ஆட்கொணர்வு மனு என்ற தலைப்பில். நான் அதை வேறு தலைப்பில் வாசிக்கிறேன். தொழிலாளியைப் பிணைத்துவைத்ததற்காகத் துரை ஒருவரை இந்தத் தீவிலிருந்து வெளியேற்றினார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை. தொழிலாளிக்காகப் பேசிய துரையை வெளியேற்ற மட்டும் ஆளுநருக்கு 48 மணித்தியாலம் போதுமாக இருந்தது.

1948ஐப் பற்றி இங்கே நீட்டி எழுதத் தேவையில்லை. அறியாத மலையகத்தான் இல்லை. 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பறாவில் பிறந்தவனுக்கு அந்தச் சான்றை யார் எழுதி வைத்தார்கள்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். மலையகச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்த ரயில்கள் தலைமன்னார்ப் பக்கம் போயின. எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. தாத்தா நடந்து வந்த பாதையில் பேரன் கோச்சியில் திரும்பிப் போனான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி இன்றைக்கு வருவோம். ரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவப் பக்கத்து லயங்களிலும் கலேவெல, நாவுலக் கிராமங்களிலும் வெளிநாடு போய் வந்தவர்கள் இல்லாத வரிசை அபூர்வம். குவைத், சவூதி, கட்டார், ஒமான். போகிறவர்களுக்குச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது, 1985இலிருந்து. நடைமுறையில் அவர்களுக்கு இருப்பது ஊருக்குள் வந்து வீட்டுத் திண்ணையில் உட்காருகிற உப முகவர். தோட்டத்துக்குக் கூலிகளைத் திரட்டிய பழைய ஆள்கட்டியின் வாரிசு. அவரும் முன்பணம் கொடுப்பார். பெண் வீட்டு வேலைக்குப் போனால் கையில் பணம் தருவார்கள், ஆண் போனால் பணம் கேட்பார்கள் என்ற வித்தியாசம் மட்டும் உண்டு. கையில் தந்த பணம் எதற்கு என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் புரியும். வேலை பிடிக்காமல் திரும்ப நினைத்தால், "உனக்காக இவ்வளவு கொட்டியிருக்கிறோம்" என்ற பேச்சு முதல் நாளே வரும்.

போன நாட்டில் கபீல் என்ற பொறுப்பாளி எசமான் இருக்கிறார். அகாமா என்ற தங்கும் அனுமதி அவர் பெயரில். கடவுச்சீட்டு அவர் அலுமாரியில். அவருடைய சம்மதமில்லாமல் வேறு வீட்டில் வேலை செய்ய முடியாது. வளைகுடாவில் சில இடங்களில் இந்த விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். கட்டார் 2020இல் பெரிய மாற்றம் செய்தது. சவூதி 2021இல் செய்த சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. மாத்தளையிலிருந்து போகிற பெண்களில் எத்தனையோ பேர் போவது அந்த வீட்டு வேலைக்குத்தான்.

சம்பளம் வராமல், அடி பொறுக்காமல், சாப்பாடு இல்லாமல் ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவள் "கல்லிவல்லி", ஓடிப்போய்ச் சட்டவிரோதமாகத் தங்கியவள். அங்கே வேலை செய்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். சவூதியில் கபீல் "ஹுரூப்" என்று ஒரு முறைப்பாடு பதிந்தால் அவளுடைய தங்கும் அனுமதி செத்துவிடும். போதாததற்கு நகை களவெடுத்தாள் என்று இன்னொரு முறைப்பாடும் சேரலாம். பிடிபட்டால் தடுப்பு முகாம், விரல் அடையாளம், கடவுச்சீட்டுக்குப் பதிலாக அவுட்பாஸ், விமானம். திரும்பிப் போக ஆண்டுக்கணக்கில் தடை. நிலுவைச் சம்பளத்தைக் கேட்க அந்த நாட்டில் ஆள் இல்லை. கபீல் அடுத்த மாதம் இன்னொரு பெண்ணை எடுப்பார்.

1865இன் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போவது குற்றம். விட்டுப்போனால் சம்பளம் போகும். விடுகிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டியவன் எசமான். துண்டு இப்போது அரபியில் எழுதப்படுகிறது.

அரபி நாடுகளை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பிரித்தானியா 2012 ஏப்ரலில் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர் விசாவைத் திருத்தி, எசமானை மாற்றும் உரிமையைப் பறித்தது. எசமானை விட்டால் நாட்டையும் விட வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். 2016இல் அந்த உரிமையை அரைகுறையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்: ஆறு மாத விசாவுக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பொதுவாக விசா நீளாது. இரண்டு மாதம் மிச்சமிருக்கிற வேலைக்காரியை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

மேற்கு நாடுகள் குற்றம் செய்தவரின் பக்கம் திருப்பியிருக்கிற சட்டங்கள் கடுமையானவை என்பதை மறுக்கவில்லை. பிரித்தானியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவர் ஒருவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விழுந்தால் நாடுகடத்தல் தானாகவே தொடங்கும். அவுஸ்திரேலியாவிலும் 12 மாதச் சிறை என்றால் நடத்தைப் பரீட்சையில் தோற்றவர், விசா ரத்து. அமெரிக்காவில் கட்டாய உழைப்புக் குற்றம் குடிவரவுச் சட்டத்தின் மிக மோசமான குற்றப் பட்டியலில் இருக்கிறது. அதில் விழுந்தவருக்கு நீதிபதியின் இரக்கத்துக்குக்கூட அனேகமாக இடமில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. நம் ஊரில் ஆளனுப்பிப் பணம் பண்ணுகிறவர்கள் அதை யாரிடமாவது கேட்டு வாசித்துக்கொள்வது நல்லது. ஆட்கடத்தலில் ஈடுபட்டார் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால் போதும், நீதிமன்றத் தண்டனை இல்லாமலேயே விசா அதிகாரி ஒருவரை மறுக்கலாம். அதோடு நிற்காது. அந்தப் பணத்தில் கடந்த ஐந்து ஆண்டுக்குள் தெரிந்தே பலன் அடைந்த கணவனோ மனைவியோ, வளர்ந்த பிள்ளையோ இருந்தால் அவர்களுக்கும் கதவு சாத்தப்படும். எல்கடுவயிலிருந்து பெண்களை அனுப்பிய காசில் மகனை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நினைக்கிற தகப்பனுக்கு இது சின்ன விடயம் இல்லை. இந்தப் பிரிவு அடிக்கடி பாவிக்கப்பட்டால் எத்தனை உப முகவர்கள் வேறு தொழில் தேடுவார்கள் என்று ஒரு கெட்ட சந்தோசத்தோடு நினைத்துப் பார்க்கிறேன்.

இனி மெல்பேர்ன் வழக்கு. தமிழர் எல்லோரும் வெட்கப்பட்ட வழக்கு. குமுதினி கண்ணன், கந்தசாமி கண்ணன் என்ற தம்பதியர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு முதியவளை 2007இலிருந்து 2015 வரை எட்டு ஆண்டு வீட்டில் அடிமையாக வைத்திருந்தார்கள். சமையல், துப்புரவு, மூன்று பிள்ளைகளைப் பார்ப்பது. 2015 ஜூலையில் அவள் விழுந்தபோது அம்புலன்ஸ்காரர்கள் கண்டது ஏறத்தாழ 40 கிலோ உடம்பு, 28.5 பாகை வெப்பநிலை, கவனிக்கப்படாத நீரிழிவு. வைத்தியசாலையில் பொய்ப் பெயர் கொடுத்தார்கள். 2021 ஏப்ரலில் ஜூரி குற்றவாளிகள் என்றது. ஜூலையில் விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் மனைவிக்கு எட்டு ஆண்டும் கணவனுக்கு ஆறு ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் எல்லோரும் அந்த உடம்பின் எடையைப் பேசினார்கள். எனக்கு விசா ஞாபகம் வருகிறது. அவள் வந்தது குறுகிய கால உல்லாசப் பயண விசாவில். அது முடிந்த மறுநாளிலிருந்து எட்டு ஆண்டும், அவுஸ்திரேலியக் குடிவரவுக் கோப்பின்படி சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவள் அவள். வீட்டுக்காரர்கள் இல்லை. வெளியே போய்ப் பொலிசிடம் சொன்னால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்று, ஆங்கிலம் தெரியாத ஒரு கிழவிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கா 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகவே 'டீ விசா' என்று ஒன்றை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 5,000 என்பது உச்ச வரம்பு. அவுஸ்திரேலியாவிலும் தங்கவைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் எல்லாமே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு. கண்டுபிடிக்கப்படுவதற்குத் தடையாக நின்ற பயத்தை உண்டாக்கியதும் அதே குடிவரவுச் சட்டம்தான். குற்றவாளி அந்த நாட்டின் பிரஜையாக இருந்துவிட்டாலோ, விசா ரத்து, நாடு கடத்தல் என்ற பேச்சே அவரைத் தொடாது. பிரஜையல்லாதவர்மேல் விழுவதற்காகச் செய்யப்பட்ட ஆயுதம் அது.

கன்பெராவில் நடந்தது நம் நாட்டு விவகாரம். இலங்கையின் பிரதி உயர்ஸ்தானிகராக இருந்த ஹிமாலி அருணதிலக்க, இலங்கையிலிருந்து கூட்டிப்போன வீட்டுப் பணிப்பெண்ணை 2015இலிருந்து 2018 வரை கிட்டத்தட்ட ஓய்வே இல்லாமல் வேலை வாங்கினார் என்று அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்மானித்தது. கணக்குப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு ஒரு டொலர்கூட இல்லை, 75 சதம்போல. மூன்று ஆண்டில் இரண்டே நாள் லீவு. அதுவும் சமைக்கும்போது எண்ணெய் பட்டுக் கை வெந்ததால். நிலுவையும் வட்டியுமாக ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் டொலருக்கு மேல் கொடுக்கும்படி உத்தரவு. இராஜதந்திர விலக்குரிமை இங்கே செல்லாது என்றும் நீதிமன்றம் சொன்னது. இது குற்றவியல் தண்டனை இல்லை, சம்பள வழக்கு. அதனால்தான் இதைத் தனியே எடுத்துச் சொல்கிறேன். சிறையும் நாடுகடத்தலும் இல்லாத இந்த வழக்கில்தான் அந்தப் பெண்ணின் மூன்று ஆண்டுக்கு ஒரு தொகை எழுதப்பட்டது. தீர்ப்பு வந்தபோது அதிகாரி அவுஸ்திரேலியாவில் இல்லை; ஜெனீவாவில் இலங்கையின் பிரதிநிதியாக இருந்தார்.

என் கருத்து இங்கேதான் ஊர் வழக்கத்திலிருந்து விலகுகிறது. கட்டாய உழைப்புக்குத் தண்டனை பெற்றவரை உடனே விமானத்தில் ஏற்றி அனுப்புவதை நான் நீதி என்று எண்ணவில்லை. அவர் போய்விட்டால் அவரிடமிருந்து யார் அறவிடுவது? வீடு, வங்கிக் கணக்கு, வருமானம் எல்லாம் அந்த நாட்டில் இருக்கும்வரை நீதிமன்றத்தின் கை எட்டும். எல்லை தாண்டினால் தீர்ப்பு வெறும் காகிதம். முதலில் சம்பளம், பிறகு சிறை, அதற்குப் பிறகு வேண்டுமானால் விமானம் என்ற ஒழுங்கு வேண்டும். தோட்டக் கணக்கு தெரிந்த எவருக்கும் இது விளங்கும்: வேலையிலிருந்து விடுவித்துப் பத்துச்சீட்டு கொடுக்கும்போதும் கணக்கு முடித்துத்தான் அனுப்ப வேண்டும்.

திரும்பி வருகிறவர் வெறுங்கையோடு நல்லவராகி வருவதும் இல்லை. அங்கே தண்டனை பெற்று வந்தவர் இங்கே கொழும்பிலோ குருநாகலிலோ வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றின் பின்னால் நின்றால் கேட்பதற்கு ஆள் வேண்டாமா? வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றில் கட்டாய உழைப்புக்கோ ஆட்கடத்தலுக்கோ தண்டனை பெற்றவர் பெயரிலோ அவர் குடும்பத்தார் பெயரிலோ முகவர் அனுமதிப்பத்திரம் இருக்கக் கூடாது என்று நம் சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். அமெரிக்காக்காரன் விசாவுக்குப் பார்க்கிற குடும்பப் பலனை நாங்கள் அனுமதிப்பத்திரத்துக்குப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

நம் நாட்டிலும் குற்றம் குற்றமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைச் சட்டக்கோவையில் கடன் பிணை, கட்டாய உழைப்பு, ஆட்கடத்தல் எல்லாவற்றையும் சேர்த்தது. இருபது ஆண்டு வரை சிறை போடலாம். சர்வதேசத் தொழில் அமைப்பின் கட்டாய உழைப்பு உடன்படிக்கையை 1950இலேயே ஏற்றோம். அதன் புதிய நெறிமுறையை 2019இல் ஏற்றோம். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா 2021 கடைசியில் இங்கே வந்து போனபோது மலையகத் தமிழர் நிலையைத் தனியே எடுத்துச் சொன்னார். எழுத்தில் குறையில்லை.

குறை எங்கே இருக்கிறது என்பதை மியன்மார் முகாம்கள் காட்டின. கணினி வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், மியாவடிப் பக்கத்தில் அடைத்துவைத்து, ஊர் உலகத்தை இணையத்தில் ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கினார்கள். 2024இல் இலங்கை இளைஞர்கள் பல தொகுதிகளாக மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் செய்ததும் குற்றம்தான், துப்பாக்கி முனையில் செய்த குற்றம். ஒரு நாட்டு அதிகாரி அவர்களைப் பாதிக்கப்பட்டவர் என்று எழுதினால் ஒரு வழி. விசா இல்லாமல் எல்லை தாண்டியவர் என்று எழுதினால் இன்னொரு வழி. எந்தப் பெட்டியில் சரி போடுவது என்று தீர்மானிக்கிற அந்தச் சில நிமிடங்களில்தான் ஒரு மனிதனின் பிற்காலம் இருக்கிறது.

கட்டுநாயக்காவில் அவுட்பாஸில் வந்து இறங்குகிற பெண்ணுக்கும் அதே கதைதான். விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பார்ப்பது டிப்போர்ட் ஆன ஒருத்தியை. ஊருக்கு வந்தால் உப முகவர் பார்ப்பது ஒப்பந்தத்தை முறித்தவளை. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் செய்வார். அயலவர் பார்ப்பது, "ஏன் வந்தாய்" என்று கேட்க வேண்டிய ஒருத்தியை. சம்பளம் களவுபோன முறைப்பாட்டுக்காரி என்று அவளைப் பார்க்க ஒருவரும் இல்லை.

மாத்தளை மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் பதினொன்று. பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். போகிறவர்களின் வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு எத்தனை வயது, பார்க்க யார் இருக்கிறார்கள் என்று குடும்பப் பின்னணி அறிக்கை எழுதிய உத்தியோகத்தர்கள். தாயைப் போகவிடலாமா என்று பார்க்க 2013இல் அத்தனை பக்கப் படிவம் அடித்த அரசாங்கம், திரும்பி வந்தவளிடம் கேட்க ஒரு பக்கம் அடிக்கலாம். அதில் நாலு கேள்வி போதும். கடவுச்சீட்டு யார் கையில் இருந்தது? எத்தனை மாதச் சம்பளம் வரவில்லை? அந்த வீட்டுக்காரரின் பெயர் என்ன? உன்னை அனுப்பியவர் யார்? அந்தப் பக்கத்தைத் தமிழிலும் அடிக்க வேண்டும். ரத்தோட்டையிலும் எல்கடுவயிலும் அதற்குப் பதில் சொல்லப் போகிறவர்களில் பாதிப்பேருக்குச் சிங்களப் படிவத்தை யாராவது வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும், அந்த யாராவது பல வேளைகளில் உப முகவராகவே இருக்கிறார்.